‘ட’வில் தொடங்குங்கள்: வண்ணக் கண்ணாடி வேலை பழக விரும்பும் ஆசிரியர்களுக்கு

வண்ணக் கண்ணாடி ஜன்னலைப் பார்த்தால் கண் முதலில் நிறத்துக்குத்தான் போகும். ஆனால் இந்த வேலையைப் பழக நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, துண்டுகளுக்கு இடையே ஓடும் கறுப்புக் கோட்டை.

ஜாலான் புசாரின் ரோச்சோர் முனையிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், ஓஃபிர் ரோட்டில் லூர்து அன்னை தேவாலயம் இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888இல் கட்டி முடிக்கப்பட்டது. 2005 முதல் தேசிய நினைவுச்சின்னம். வழிபாடு இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், அதன் ஜன்னல்களுக்கு முன் ஒரு பத்து நிமிடம் நில்லுங்கள். இதுபோன்ற தேவாலய ஜன்னல்களில் கண், மூக்கு, விரல் போன்ற நுண்மைகள் கண்ணாடிமேல் தீட்டிச் சூளையில் சுட்டவை. அதை நாம் இப்போதைக்குத் தொட வேண்டாம். கோடு எங்கே ஓடுகிறது என்று மட்டும் பாருங்கள். உருவத்தின் ஓரத்தில், உடையின் மடிப்பில், சில சமயம் வெறும் பின்னணியின் குறுக்கேகூட ஓடும். அலங்காரம் என்று நினைத்துவிடுவோம். பெரும்பாலும் அது அலங்காரமே இல்லை. அந்த இடத்தில் கண்ணாடியைப் பிரிக்காமல் அந்த வடிவத்தை வெட்டவே முடியாது, அதுதான் விஷயம்.

கண்ணாடியை ‘வெட்டுகிறோம்’ என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் வெட்டுவதில்லை. கட்டரின் சின்னச் சக்கரத்தால் மேல்பரப்பில் ஒரு கீறல் போடுகிறோம். பிறகு அந்தக் கீறல் வழியே உடைக்கிறோம். கீறலை ஓர் ஓரத்தில் தொடங்கி, நடுவில் நிறுத்தாமல் மறு ஓரம்வரை கொண்டுபோக வேண்டும். சரியான அழுத்தம் கொடுத்தால் சர்ரென்று சீரான ஒலி கேட்கும். சரியாக விழவில்லையே என்று அதே கோட்டில் மறுபடி ஓட்டாதீர்கள்: சக்கரம் கெடும், உடைப்பும் வழி மாறும். கீறியதும், கோட்டுக்கு இருபுறமும் கட்டைவிரல்களை வைத்து, ரொட்டியைப் பிட்பது மாதிரி வெளிப்பக்கமாக மடக்கினால் போதும். குறுகலான துண்டுக்கு மட்டும் அதற்கான பிளையர் வேண்டும். பழகுவதற்கு வண்ணக் கண்ணாடியை வீணாக்க வேண்டாம்; 3 மில்லிமீட்டர் சாதாரணக் கண்ணாடியே போதும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் காலுக்கு மூடிய காலணியும் கட்டாயம்.

நேர்கோட்டையும் மெல்லிய வளைவையும் கண்ணாடி ஏற்கும். உள்நோக்கி மடங்கும் மூலையை ஏற்காது. இதைப் புரிந்துகொள்ள நம் ‘ட’வைவிட நல்ல பாடம் கிடையாது. ‘ட’வை ஒரே துண்டாக எடுக்க முயன்றால், உள்மூலையில் உடைப்பு திரும்பாது, நேராக ஓடிவிடும். அதனால் நிற்கும் கோடு ஒரு துண்டு, படுத்த கோடு ஒரு துண்டு என்று பிரிக்கிறோம். மேலே மிஞ்சும் சதுரம் பின்னணி. 12 சென்டிமீட்டர் சதுரப் பலகைக்குக் கணக்கு இப்படி: நிற்கும் கோடு 3க்கு 12, படுத்த கோடு 9க்கு 3, பின்னணி 9க்கு 9. மொத்தம் மூன்றே துண்டு, எல்லாம் நேர்கோடு. அடுத்து ‘ப’ என்றால் நாலு துண்டு. ‘ழ’ பக்கம் ஆறு மாதத்துக்குப் போகாதீங்க!

துண்டுகளை இணைக்க இரண்டு வழி உண்டு. தேவாலய ஜன்னல்களில் பொதுவாகக் காண்பது, இருபக்கமும் பள்ளமுள்ள காரீயப் பட்டைக்குள் கண்ணாடியைச் செருகும் பழைய முறை. வீட்டில் சிறிய வேலைக்குச் செப்புத் தகடு முறை வசதி. டிஃபனி விளக்குகளால் பெயர்பெற்றது அது. ஓரங்களைத் தண்ணீர் தொட்ட சாணைக்கல்லில் தேய்த்து, கழுவித் துடைத்து, சுமார் 5.5 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒட்டும் செப்பு டேப்பை விளிம்பு முழுவதும் சுற்றி, இருபுறமும் மடித்து அழுத்த வேண்டும். அதன்மேல் ஃப்ளக்ஸ் தடவி, சால்டரிங் அயர்னால் ஈயத்தை உருக்கி ஓடவிட்டால் துண்டுகள் ஒன்றாகும். முன்பக்கம் முடிந்ததும் பின்பக்கமும் இதே வேலை.

அயர்ன் வாங்க ஜாலான் புசாரிலேயே சிம் லிம் டவர் இருக்கிறது. சிம் லிம் ஸ்குவேர் அல்ல, டவர். மின்னணு உதிரிப்பாகங்களுக்குப் பெயர்போன கட்டடம். அங்கே போகுமுன் இரண்டு விஷயம் தெரிந்திருக்கணும். மின்னணு வேலைக்கான சிறிய அயர்ன் இதற்குச் சூடு பத்தாது. 80 முதல் 100 வாட், தட்டையான முனை வேண்டும். நடுவில் பிசின் நிரப்பிய சால்டர் கம்பியும் வேண்டாம்; கண்ணாடி பிசுபிசுத்துப் போகும். பிசின் இல்லாத முழுக்கம்பி என்று கேளுங்கள்.

அந்தக் கம்பியில் 60/40 என்று போட்டிருந்தால் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலும் காரீயம் 327 டிகிரியிலும் உருகும். கலந்தால் இரண்டையும்விடக் குறைவாக, 190 டிகிரிக்குள்ளேயே முழுவதும் உருகிவிடும். வசதிதான். ஆனால் இங்கே ஒரு சொல் நம்மை ஏமாற்றும். “எங்க பாட்டி ஈயச் சொம்பில்தான் ரசம் வைப்பாங்க, ஈயம் என்ன செய்துவிடும்?” என்று கேட்கத் தோன்றும். பேச்சுவழக்கில் இரண்டு உலோகத்துக்கும் ‘ஈயம்’ என்றே சொல்லிவிடுகிறோம். ரசச் சொம்பு வெள்ளீயம். காரீயமோ நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எவ்வளவு குறைவு என்றாலும் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை.

அயர்னின் சூட்டில் காரீயம் ஆவியாகிப் பறக்காது. எழும் புகை ஃப்ளக்ஸ் புகை. அதற்கு ஜன்னலைத் திறந்து, புகை முகத்தில் படாதபடி மின்விசிறி வையுங்கள். காரீயம் உடலுக்குள் போகும் முக்கிய வழி கை. கம்பியைத் தொட்ட கையோடு கறிப்பஃப் எடுத்துக் கடிப்பதுதான் ஆபத்து. ஆகவே சாப்பாட்டு மேசையில் இந்த வேலை வேண்டாம். அடுக்குமாடி வீட்டில் வேறு இடமில்லை என்றால், தனிப் பலகை ஒன்றை விரித்து, முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் தூசு பரவும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றியபின் பிள்ளையைத் தூக்கலாம். கர்ப்பிணிகள் இந்த வேலையில் இறங்காமல் இருப்பதே நல்லது. காரீயம் இல்லாத சால்டரும் கிடைக்கிறது. விலை கூடுதல், சற்று அதிகச் சூடு கேட்கும், கோடு அவ்வளவு வழவழப்பாக வராது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் நான் அதையே வாங்கச் சொல்வேன்.

வகுப்பறைக்கு மேலே சொன்ன எதையும் கொண்டுபோகாதீர்கள். மாணவர்களுக்குக் கறுப்பு அட்டையும் வண்ணச் செலஃபேன் தாளும் போதும். நிபந்தனை ஒன்று மட்டும்: உள்மூலை உள்ள எந்தத் துண்டையும் வெட்டக்கூடாது. செய்து முடித்தபின், செய்த வரிசையை ஆறு வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். கீறு, உடை, தேய், சுற்று, உருக்கு, இணை என்ற வினைகளைப் பலகையில் எழுதிவைத்தால், உண்மையான வேலையையும் அவர்களால் விளக்க முடியும். ‘ழ’தான் செய்வேன் என்று ஒருவராவது அடம்பிடிப்பார், எத்தனை துண்டு வருகிறது என்று முதலில் எண்ணிச் சொல்லட்டும்.