படப்பையில் ஒரு ஞாயிறு: மால் வேண்டாம், குழந்தைகளோடு அடையாற்றைத் தேடிப் போகலாமா?

"இன்னிக்கு எங்கேப்பா போறோம்?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகள் இருக்கும் எல்லா வீடுகளிலும் கேட்கும் கேள்வி இது. படப்பைக்காரர்களிடம் இதற்குப் பெரும்பாலும் மூன்று பதில்கள்தாம் இருக்கும். வண்டலூர் ஜூ, வேளச்சேரி மால், இல்லையென்றால் பெசன்ட் நகர் பீச். மாலுக்குக் கிளம்பினால் தாம்பரம் டிராஃபிக்கைத் தாண்டவே நேரம் போய்விடும். பார்க்கிங், பாப்கார்ன், கேம்ஸ் கார்டு என்று பர்ஸ் இளைத்து, பிள்ளைகள் தோளில் தூங்க வீடு திரும்புவோம்.

"நம்ம ஊர்ல பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகப் போய் கடலில் கலக்கும் அடையாறு உருவாவது நம் பக்கத்தில்தான். மணிமங்கலம், ஆதனூர், படப்பை, ஒரத்தூர் எனச் சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் சேர்ந்துதான் சுமார் 42 கிலோமீட்டர் ஓடும் அந்த ஆறு பிறக்கிறது.

2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கி, வீட்டு மாடிகளிலிருந்து மக்களைப் படகில் மீட்டது நமக்கு மறக்காது. இன்று பள்ளிக்குப் போகும் பல குழந்தைகள் அப்போது பிறந்தே இருக்க மாட்டார்கள். 'கனமழை... பள்ளிகளுக்கு விடுமுறை' என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்த வெள்ளம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று ஒருமுறை நேரில் காட்டிவிட்டால், அது அவர்கள் மனதில் நிற்கும். அதற்கு அரை நாள் பயணங்கள் போதும். ஒரு ஞாயிறுக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஞாயிறு: மணிமங்கலம்

படப்பைக்கு வடக்கே, டூ வீலரில் சட்டென்று போய்விடக்கூடிய தூரம். காலை 6.30 மணிக்கெல்லாம் ஏரிக்கரைக்குப் போய்விடுங்கள். வெயில் ஏறுவதற்குள் கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி என்று குழந்தைகள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். திடீரென்று தண்ணீருக்குள் காணாமல் போய், வேறோர் இடத்தில் தலை நீட்டும் குட்டிப் பறவையைப் பார்த்தால் அது முக்குளிப்பான். 'அடுத்து எங்கே எழும்?' என்று பந்தயம் கட்டலாம்.

ஏரியின் உறுப்புகளையும் காட்டுங்கள். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவது வரத்துக்கால்வாய். வயலுக்குத் திறந்துவிடும் வாசல் மதகு. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழியும் இடம் கலங்கல். அந்தக் கலங்கலைத் தாண்டும் தண்ணீர்தான் அடையாற்றை நோக்கி நடக்கிறது.

ஊருக்குள் வந்தால் வரலாறு காத்திருக்கிறது. 7-ம் நூற்றாண்டில் பல்லவ மன்னர் நரசிம்மவர்மர், சாளுக்கிய மன்னர் இரண்டாம் புலிகேசியை வென்ற போர்க்களங்களில் ஒன்று மணிமங்கலம் என்கிறது கூரம் செப்பேடு. 'சிவகாமியின் சபதம்' படித்த தாத்தா, பாட்டி வீட்டில் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள், கதை சொல்லும் வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. 'இதில் எத்தனை எழுத்தை உன்னால் படிக்க முடியும்?' என்று கேட்டுப் பாருங்கள். தர்மேஸ்வரர் கோயிலின் விமானம், படுத்திருக்கும் யானையின் பின்புறம்போல வளைந்திருக்கும். இந்த அமைப்புக்குத் தூங்கானை மாடம் என்று பெயர். யானையைக் கண்டுபிடிக்கும் வேலையைக் குழந்தைகளிடம் விட்டுவிடுங்கள்.

இரண்டாம் ஞாயிறு: திருநீர்மலை

பெயரிலேயே நீர் இருக்கிறது பாருங்கள். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான இந்தத் தலத்துக்குத் திருமங்கையாழ்வார் வந்தபோது, மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததாம். தண்ணீர் வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து தரிசித்தார் என்கிறது தலபுராணம். வெள்ளம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல என்று குழந்தைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்காது.

இங்கே பெருமாள் நின்ற, இருந்த, கிடந்த, நடந்த என நான்கு கோலங்களில் அருள்கிறார். நின்ற கோலத்தில் நீர்வண்ணப் பெருமாள் அடிவாரத்தில் இருக்கிறார். மற்ற மூன்று கோலங்களையும் படியேறித் தரிசிக்க வேண்டும். நான்கையும் வரிசையாகக் கண்டுபிடிப்பது குட்டீஸுக்கு நல்ல விளையாட்டு. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேருவதும் இந்தத் திருநீர்மலைப் பக்கம்தான்.

மூன்றாம் ஞாயிறு: குன்றத்தூர்

மணிமங்கலத்திலிருந்து சோமங்கலம் வழியாகக் குன்றத்தூர் போகலாம். வழியில் சோமங்கலத்தில் சந்திரன் தலமான சோமநாதீஸ்வரர் கோயில் இருக்கிறது. குன்றத்தூர், பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர். குன்றின் மேல் முருகன் கோயில். படிகளை எண்ணிக்கொண்டே ஏறச் சொன்னால், 'கால் வலிக்குது' என்ற பேச்சே வராது.

குன்றத்தூரை அடுத்துத்தான் செம்பரம்பாக்கம் ஏரி. அதன் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. சென்னையின் குடிநீரில் ஒரு பங்கு இங்கிருந்து போகிறது. 'டி.வி-யில் மழை நேரத்தில் காட்டுவார்களே, அந்த ஏரி இதுதான்' என்று சொன்னால் போதும், செய்தியில் வரும் பெயர் அவர்களுக்கு நேரில் பார்த்த இடமாகிவிடும். பொதுமக்களை அனுமதிக்கும் இடம் வரை மட்டும் செல்லுங்கள். உபரிநீர் திறக்கும் நாள்களில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நான்காம் ஞாயிறு: ஜூவை வேறு மாதிரி பார்க்கலாம்

வண்டலூர் ஜூவுக்கு ஏற்கெனவே போயிருப்பீர்கள். சிங்கம், புலி பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். இந்த முறை உள்ளே இருக்கும் ஓட்டேரி ஏரியில் நேரம் செலவிடுங்கள். மழைக்காலம் தொடங்கிய பிறகு நீர்ப்பறவைகள் வந்து சேரும் இடம் அது.

இந்த ஜூவின் கதை 1855-ல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கியது. பிறகு சென்ட்ரல் பக்கம் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம்பெயர்ந்து, 1985-ல் வண்டலூரில் திறக்கப்பட்டது. பரப்பு சுமார் 600 ஹெக்டேர் என்பதால் சின்னக் குழந்தைகள் இருந்தால் பேட்டரி கார் நல்லது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. பிளாஸ்டிக் பொருள்களைக் கொண்டுபோகாதீர்கள்.

கிளம்பும் முன் இதைப் படியுங்கள்

ஏரி பார்க்கத்தான், குளிக்க அல்ல. மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீருக்குள் மண் அள்ளிய பள்ளங்கள் இருக்கலாம். பெரியவர்களுக்கே ஆழம் தெரியாது. நீச்சல் தெரிந்த பிள்ளையாக இருந்தாலும் இறங்க விடாதீர்கள். கரையில் நடக்கும்போது சின்னக் குழந்தையின் கை உங்கள் கையில் இருக்கட்டும். செல்ஃபிக்காகக் கலங்கல் மேலும் மதகு மேலும் ஏற்ற வேண்டாம், பாசி வழுக்கும்.

கோயில்கள் மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையில் கிளம்புவதே நல்லது. தொப்பி, தண்ணீர் பாட்டில், எலுமிச்சை சாதமோ இட்லிப் பொடி தடவிய இட்லியோ ஒரு டப்பாவில், குப்பையைத் திரும்ப எடுத்துவர ஒரு பை. இவ்வளவுதான் லக்கேஜ். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் கனரக வாகனங்கள் அதிகம். டூ வீலரில் போகிறவர்கள் பிள்ளைகளுக்கும் ஹெல்மெட் போட மறக்காதீர்கள்.

கூடவே ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏரிகளை வட்டமாகவும் ஆற்றைக் கோடாகவும் போட்டு, நம் வீடு எங்கே இருக்கிறது என்று குழந்தைகளையே ஒரு மேப் வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் அதில் ஓர் ஊர் கூடும். எல்லாம் முடிந்ததும் பெசன்ட் நகர் பீச்சுக்குப் போகலாம். உடைந்த பாலத்தின் பக்கம் அடையாறு கடலில் சேருவதைத் தள்ளி நின்று காட்டி, "இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருது?" என்று இந்த முறை நீங்கள் கேளுங்கள். மேப்பை வரைந்தவர் பதில் சொல்லட்டும்!