கவலைப்பட்டால் காயம் ஆறாதா? கணவனும் மனைவியும் செய்த அதிசய ஆராய்ச்சி

கையில் ஒரு சின்னக் காயம். பச்சைப் பயறு அளவுதான் இருக்கும்.

அந்தக் காயம் ஒரு பெண்ணுக்குச் சீக்கிரம் ஆறுகிறது. அதே வயதுள்ள இன்னொரு பெண்ணுக்கு ஒரு வாரத்துக்கு மேல் தாமதமாகிறது.

காயத்தின் அளவு ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

கவலைதான் காரணம்! இதைச் சோதனை செய்து காட்டியவர்கள் ஒரு கணவனும் மனைவியும்.

ஒரே வீட்டில் இரண்டு விஞ்ஞானிகள்

அமெரிக்காவில் ஒகையோ என்று ஒரு மாநிலம். அதன் தலைநகரம் கொலம்பஸ். அங்குள்ள ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர்கள் ரொனால்டு கிளேசரும், அவருடைய மனைவி ஜானிஸும்.

கணவர், கிருமிகளைப் பற்றியும் அவற்றை எதிர்க்கும் உடலின் சக்தியைப் பற்றியும் ஆராய்ந்தவர். மனைவி, மனோதத்துவ நிபுணர். கணவர் உடம்பைப் படித்தார். மனைவி மனதைப் படித்தார். இரண்டுக்கும் உள்ள தொடர்பை இருவரும் சேர்ந்து ஆராய்ந்தார்கள்.

நோயாளியைக் கவனிக்கும் பெண்கள்

வயதான சிலருக்கு மறதி நோய் வருகிறது. பெற்ற பிள்ளையின் பெயர் மறந்து போகும். சாப்பிட்டதும் மறந்து போகும். அவர்களைக் குழந்தையைப் போல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரவிலும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

அப்படிப்பட்ட நோயாளிகளை வீட்டில் கவனித்து வந்த 13 பெண்களை ஆராய்ச்சிக்குச் சேர்த்துக் கொண்டார்கள். அந்தப் பொறுப்பு இல்லாத வேறு 13 பெண்களும் சேர்ந்தார்கள். இரு பிரிவினரும் ஒத்த வயதுடையவர்கள். குடும்ப வருமானமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அவர்களுடைய சம்மதத்தின் பேரில், கையில் மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சிறு காயம் செய்தார்கள். பிறகு அதைப் படம் எடுத்துப் பார்த்து வந்தார்கள். ஒரு மருந்து நீரையும் காயத்தில் விட்டுப் பார்த்தார்கள். நுரை பொங்கினால் இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம். நுரை வராவிட்டால் ஆறிவிட்டது என்று அர்த்தம்.

முடிவு என்ன?

பொறுப்பு இல்லாத பெண்களுக்குச் சராசரியாக 39 நாட்களில் காயம் ஆறியது. நோயாளியைக் கவனித்த பெண்களுக்கோ 48 நாட்களுக்கு மேல் ஆயிற்று. 9 நாள் தாமதம்! இந்த முடிவு 1995-ம் ஆண்டில் வெளிவந்தது.

பரீட்சை வந்தது, புண் ஆறவில்லை

"அவர்கள் வயதானவர்கள். வாலிபர்களுக்கு இப்படி ஆகுமா?" என்று கேட்கலாம்.

அதையும் பார்த்துவிட்டார்கள். பல் வைத்தியம் படிக்கும் மாணவர்கள் 11 பேர் முன்வந்தார்கள். கோடை விடுமுறையில் அவர்களுடைய வாயின் மேல் அண்ணத்தில் சிறு காயம் செய்தார்கள். பிறகு பரீட்சைக்கு 3 நாள் முன்பு, அண்ணத்தின் மறுபக்கத்தில் அதே அளவுக்கு இன்னொரு காயம்.

விடுமுறையில் ஆறியதைவிட, பரீட்சை சமயத்தில் காயம் ஆற 3 நாள் கூடுதலாக ஆயிற்று. 11 பேரில் ஒருவருக்குக்கூட விடுமுறையில் ஆறிய வேகத்தில் ஆறவில்லை! இது 1998-ம் ஆண்டில் வெளிவந்த செய்தி.

அரை மணி நேரச் சண்டை

அடுத்தது குடும்பச் சண்டை. 42 தம்பதிகள் இந்தச் சோதனைக்கு வந்தார்கள். கையில் சிறு கொப்புளங்களை உண்டாக்கி, ஒரு நாள் முழுவதும் ஆராய்ச்சி விடுதியில் தங்க வைத்தார்கள்.

முதல் தடவை, ஒருவருக்கொருவர் ஆதரவாகப் பேசச் சொன்னார்கள். இரண்டாம் தடவை, எந்த விஷயத்தில் தகராறோ அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

ஆதரவாகப் பேசிய பிறகு புண் சீக்கிரம் ஆறியது. அரை மணி நேரம் தகராறு செய்த பிறகு ஆறுவதற்கு ஒரு நாள் கூடுதலாயிற்று. கடுமையாகச் சீறிக்கொண்ட தம்பதிகளுக்கு இன்னும் தாமதம். இது 2005-ம் ஆண்டில் வெளிவந்தது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

தெருவில் ஒரு வெறிநாய் துரத்துகிறது என்று வைத்துக் கொள்வோம். நெஞ்சு படபடக்கிறது. மூச்சு வாங்குகிறது. கால் தானாக ஓடுகிறது.

நம்முடைய சிறுநீரகங்களின் மேல் இரண்டு சிறிய சுரப்பிகள் இருக்கின்றன. ஆபத்து வந்ததும் அவை அட்ரினலின், கார்ட்டிசால் என்ற பொருள்களை இரத்தத்தில் கலக்கின்றன. இரத்த அழுத்தம் ஏறுகிறது. சர்க்கரை கூடுகிறது. ஓடுவதற்குத் தெம்பு வருகிறது.

நாய் போய்விட்டால் எல்லாம் அடங்கிவிடும். அதனால் கெடுதல் இல்லை.

ஆனால் கடன் தொல்லை ஒரு நாளில் போகுமா? தீராத நோயாளியைக் கவனிக்கும் பாரம் ஒரு நாளில் இறங்குமா? மாதக்கணக்கில் கவலை நீடித்தால், கார்ட்டிசாலும் ஓயாமல் தொல்லை கொடுக்கும். கிருமிகளை எதிர்க்கும் சக்தி குறையும். காயத்தை ஆற்றும் வேலை மந்தமாகும். இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்களுக்கு அவை கட்டுக்கு அடங்காமல் போகும். இருதயத்துக்கும் ஆபத்து.

தூக்கம் கெடும். சிலர் புகையிலையையும் குடியையும் நாடுவார்கள். அது எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்டது போல!

கிருமியைக் குடித்த டாக்டர்

அதற்காக எல்லா நோய்க்கும் கவலைதான் காரணம் என்று சொல்லிவிடக் கூடாது.

குடல் புண்ணுக்கு மனக் கவலையே முக்கியக் காரணம் என்று டாக்டர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அதை மறுத்தார்கள். "அது ஒரு கிருமியின் வேலை" என்றார்கள்.

மார்ஷல் 1984-ம் ஆண்டில் அந்தக் கிருமியைத் தாமே குடித்துப் பார்த்தார்! சில நாட்களில் அவருக்கு வாந்தி வந்தது. வயிற்றின் உட்புறம் அழற்சி கண்டது. 2005-ம் ஆண்டில் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. குடல் புண்ணை இப்போது மருந்தால் குணப்படுத்துகிறார்கள்.

ஆகவே, "எல்லாம் கவலையால்தான்" என்று வீட்டில் சும்மா இருப்பது தவறு. புண் பல நாள் ஆறாவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். நீரிழிவு இருந்தாலும் புண் ஆறாது. இரத்தச் சோதனை அவசியம்.

பாரத்தைப் பங்கு போடுங்கள்

கவலையே இல்லாத வீடு உலகத்தில் இல்லை. ஆனால் ஒரே தலையில் எல்லாப் பாரத்தையும் ஏற்றாமல் இருக்கலாம்.

படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரை ஒரு மருமகளே இரவு பகலாகக் கவனிக்கிறாளா? ஒரு இரவு மகன் விழித்திருக்கட்டும். ஒரு நாள் மகள் வந்து தங்கட்டும். அந்த மருமகள் வயிறாரச் சாப்பிட்டு, ஒரு இரவாவது நிம்மதியாகத் தூங்கட்டும்.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையை, "தோற்றால் வீட்டுக்குள் வராதே!" என்று மிரட்ட வேண்டாம். கணவனும் மனைவியும் தகராறு செய்தாலும், கடும் சொல் பேசாமல் இருக்கலாம்.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள், "அவருக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம், "நீ எப்படியம்மா இருக்கிறாய்?" என்று யாரும் கேட்பதில்லை.

இனிமேல் அவளையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்!