ஓட்டை வேறு; ஓட்டம் வேறு!

தம்பி!

முத்தியால்பேட்டையிலே ஒரு வீடு. மகன் புறப்படுகிறான் பாரிசுக்கு, படிக்க! ஆலையிலே உழைத்த அப்பா கடன்பட்டு வாங்கித் தந்த மடிக்கணினி பெட்டிக்குள்ளே. அம்மா ஊறுகாய் வைக்கிறாள். அக்காள் உடுப்பு மடிக்கிறாள். எல்லாம் எடுத்தாயிற்று... ஒரு சிறு பிளக் தவிர!

போய் இறங்கினால், அங்கே சுவரிலே வட்டக் குழி, இரண்டே துளை, மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது ஒரு முள்! நம்மவன் கையிலோ மூன்று முனை பிளக். நுழையுமா? நுழையாது! அந்த முள்தான் தம்பி, ‘எர்த்’. நம் நாட்டிலே அது பிளக்கிலே இருக்கிறது; அங்கே சுவரிலே இருக்கிறது.

பிரெஞ்சு ஆட்சி புதுவையை 1954 நவம்பர் 1-இல் விட்டுப் போயிற்று. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் முடிந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை கொண்ட குடும்பங்கள் இன்றும் இங்கே உண்டு. வீதிப் பெயரிலே பிரெஞ்சு மணக்கிறது. ஆனால், வீட்டுச் சுவரிலுள்ள பிளக் பாயிண்ட்? பிரிட்டிஷ்காரனின் பழைய வார்ப்பு!

வேடிக்கையைக் கேள். 1947-இலே அவன் இந்தியாவை விட்டு வெளியேறினான். அதே 1947-இலே, தன் வீட்டுக்குத் தடித்த பட்டை முனை மூன்று கொண்ட புதிய பிளக்குக்கு இலக்கணம் வகுத்துக்கொண்டான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் துபாயிலும் இன்று அந்தப் பட்டை முனைதான். அவன் கைவிட்ட வட்ட முனையை நாம் கைவிடவில்லை!

கடையிலே ஓர் அடாப்டர் வாங்கினால் தீர்ந்தது துன்பம் என்கிறாயா? அங்கேதான் ஆபத்து! அடாப்டர் மாற்றுவது ஓட்டையின் உருவத்தை. ஓட்டத்தின் அழுத்தத்தை அல்ல!

நம் நாட்டிலே 230 வோல்ட்; பிரான்சிலும் 230. அமெரிக்காவிலே 120, ஜப்பானிலே 100. மடிக்கணினியின் சார்ஜரைத் திருப்பிப் பார். பொடி எழுத்திலே ‘100–240’ என்றிருக்கிறதா? அஞ்சாதே, எட்டுத் திக்கும் சென்று வரலாம். ‘230’ மட்டும்தானா? நில்! அத்தை அன்போடு கட்டிக் கொடுத்த மிக்சி அமெரிக்காவிலே முனகும், அரைக்காது. அங்கிருந்து வந்த 120 வோல்ட் முடி உலர்த்தியை இங்கே செருகினாலோ, ஏறத்தாழ நாலு மடங்கு மின்திறனை இழுத்துப் புகைந்துபோகும்!

இன்னொன்றும் சொல்வேன். பெரும்பாலான மடிக்கணினிகளிலே, சார்ஜர் கட்டைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வயர் தனியே கழன்று வரும். போன நாட்டிலே அந்த ஒரு வயரை மட்டும் வாங்கி மாட்டினால் போதும், எர்த்தும் கிடைக்கும். இரண்டு முனை மலிவு அடாப்டரிலே எர்த் அறுந்துபோகும். பவர் பேங்க்கையோ, விமானத்திலே கையோடு வைத்துக்கொள். ஏற்றிவிடும் பெட்டியிலே போடாதே.

ஆளுக்கொரு ஓட்டை ஏன் என்று கேட்பாய். ஐரோப்பிய ஒன்றியம் கேட்டது! ஒரே வாய், யூஎஸ்பி-சி வாய்தான் என்று சட்டம் செய்தது: புதிய கைப்பேசிகளுக்கு 2024 டிசம்பர் 28 முதல், மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதல். கம்பெனிகள் கனிந்து தந்தனவா? இல்லை தம்பி, சட்டம் தரவைத்தது!

சுவருக்கு இன்னும் வரவில்லை அந்தச் சமத்துவம். வரும்வரை, பொடி எழுத்தைப் படி! படிக்காமல் செருகினால் புகைவது கருவி மட்டுமல்ல; அப்பாவின் உழைப்பும்தான்!