காருக்கும் காது உண்டு!

ஏற்காட்டு மலைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சென்ற கோடையில் சேலத்திலிருந்து நாங்கள் புறப்பட்டபோது, ஏழாவது ஊசியிலேயே தகராறு ஆரம்பித்துவிட்டது. அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் நடக்கும் தகராறைச் சொல்லவில்லை. அது அன்றாடம் உள்ளதுதான். இது காரின் வயிற்றுக்குள்ளிருந்து வந்த தகராறு. பித்தளை டம்ளரில் நாலைந்து புளியங்கொட்டைகளைப் போட்டுக் குலுக்கினால் எப்படியிருக்கும்? அப்படி ஒரு 'கலகல' சப்தம்.

காரை ஓட்டியது அக்கா. பக்கத்தில் உட்கார்ந்து, காரை ஓட்டும் அக்காவை ஓட்டிக்கொண்டிருந்தவர் அத்திம்பேர். "நாலாவது கியரிலேயே போ. பெட்ரோல் மிச்சமாகும்" என்று அடிவாரத்திலிருந்து உபதேசம் செய்துகொண்டு வந்தவர், சப்தத்தைக் கேட்டதும் கட்சி மாறிவிட்டார். "பெட்ரோலில்தான் கோளாறு! விலை கூடின பெட்ரோல் போடலாம் என்று நான் அப்போதே சொல்லவில்லையா?"

"எப்போது சொன்னேள்?" என்றாள் அக்கா.

வண்டியை ஓரம் கட்டினோம். அங்கே வேனை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "டர்போ வண்டிதானுங்களே? நாக் அடிக்குதும்மா. ரெண்டாவது கியர் போட்டு ஏத்துங்க, சத்தம் நின்னுடும். பெட்ரோலைத் திட்டாதீங்க" என்றார். அக்கா அப்படியே செய்தாள். புளியங்கொட்டைகள் மாயமாய் மறைந்தன. பதின்மூன்றாவது வளைவு வரைக்கும் அத்திம்பேர் வாய் திறக்கவில்லை.

ஊர் திரும்பியதும் அந்தப் புளியங்கொட்டைச் சப்தத்தின் பூர்வோத்தரத்தைத் தேடிப் புறப்பட்டேன். அது நான் நினைத்ததை விடப் பெரிய கதையாக இருந்தது.

எஞ்சினுக்குள் நடப்பதைத் தீபாவளிச் சரவெடியாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு முனையில் பற்ற வைத்தால் வரிசையாக வெடித்துக்கொண்டே போக வேண்டும். ஸிலிண்டருக்குள்ளும் அப்படித்தான். ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் தீ ஒரு பக்கத்தில் தொடங்கிச் சீராகப் பரவுகிறது. அந்த அழுத்தம் பிஸ்டனைத் தள்ளுகிறது. சில சமயம், தீ வந்து சேருமுன்பே மூலையில் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவி சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே ஒரே மூச்சில் வெடித்துவிடும். அந்த அதிர்ச்சி இரும்பில் மோதுவதுதான் நமக்குக் கேட்கும் சப்தம். எப்போதோ ஒரு தடவை என்றால் பாதகமில்லை. நீடித்தால் பிஸ்டனே உடையும், ஓட்டையும் விழும்.

டர்போ வண்டிக்கு இந்த வியாதி சுலபமாக வரும். வெளியே போகும் புகையின் வேகத்தால் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, அதனோடு பிணைத்த இன்னொரு சக்கரத்தால் காற்றை எஞ்சினுக்குள் திணிப்பதுதான் டர்போ. சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் காற்றை அமுக்கினால் சூடேறுமே! சைக்கிளுக்குக் காற்றடித்த பிறகு பம்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மலையேற்றத்தில் நாலாவது கியரில் போனால் எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது, பாரமோ அதிகம், டர்போ வேறு திணிக்கிறது. மூலையிலுள்ள ஆவி வெந்து குமுறுவதற்கு வேண்டிய அவகாசம் கிடைத்துவிடுகிறது. டீக்கடை வைத்தியம் பலித்ததன் ரகசியம் இதுதான்.

பெட்ரோலின் பொறுமையை அளக்க ஓர் எண் உண்டு. ஆக்டேன் எண் என்பார்கள். 1920-களில் அமெரிக்காவில் கிரஹாம் எட்கர் என்ற ரசாயன நிபுணர் இந்த அளவுகோலை வகுத்தார். சட்டென்று வெடிக்கும் ஹெப்டேனுக்குப் பூஜ்யம். லேசில் வெடிக்காத ஐஸோ ஆக்டேனுக்கு 100. சுத்தமான ஹெப்டேன் அக்காலத்தில் கிடைத்தது எங்கிருந்து தெரியுமா? கலிபோர்னியாப் பக்கத்து ஜெஃப்ரி பைன் என்ற மரத்தின் பிசினிலிருந்து! எண் பெரிதானால் பெட்ரோலுக்குப் பலம் கூடிவிட்டதாக நம்மில் பலர் நினைக்கிறோம். கூடுவது பொறுமைதான்.

இந்தப் பொறுமைக்காக மனிதர்கள் செய்த யுக்திகளில் ஒன்று வெகு வேடிக்கையானது. 1962-ல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனி 'ஜெட்ஃபயர்' என்று ஒரு டர்போ காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூன்றரை லிட்டர் எஞ்சின், 215 குதிரை சக்தி. அந்த எஞ்சின் ஏற்கெனவே ஆவியைப் பத்து மடங்குக்கு மேல் அமுக்கும் சுபாவம் உடையது; அதன் தலையில் டர்போவையும் ஏற்றினால் நாக் அடிக்காமல் என்ன செய்யும்? அதற்குப் பரிகாரமாக, காரிலேயே தனியாக ஒரு தொட்டி வைத்தார்கள். வாலை வடித்த தண்ணீரும் மெதில் ஆல்கஹாலும் சம பாகம், துரு ஏறாமலிருக்கச் சிறிது மருந்து. இந்தக் கஷாயத்துக்கு 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்று நாமகரணம். டர்போ மும்முரமாக வேலை செய்யும்போது கஷாயம் துளித்துளியாக உள்ளே போய் ஆவியாகும். ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும். நம் வீட்டு மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அதே தத்துவந்தான்.

எல்லாம் சரி, கஷாயத்தை யார் ஞாபகமாக ஊற்றுவது? பெட்ரோல் தீர்ந்தால் கார் நிற்கும். கஷாயம் தீர்ந்தால் கார் நிற்காது. டர்போவின் வேகத்தை மட்டும் ஒரு வால்வு குறைத்துவிடும். எத்தனையோ பேர் அப்படியே ஓட்டிக்கொண்டு, "கார் இழுக்கவில்லையே!" என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். வீட்டுக் கூஜாவையே நிரப்பி வைக்காத புருஷர்கள் கார்த் தொட்டியை நிரப்புவார்கள் என்று அந்தக் கம்பெனி எப்படித்தான் நம்பியதோ! இரண்டே வருஷங்களில், பதினாயிரம் கார் கூடச் செய்து முடிக்காமல், ஜெட்ஃபயர் நின்றுபோயிற்று. 1965-ல் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டர் பொருத்தித் தரக் கம்பெனியே முன்வந்தது.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய கதை. இதற்கு நாற்பது வருஷங்களுக்கு முந்தைய கதையைக் கேட்டால் சிரிப்பு வராது.

ஒஹையோ மாகாணத்து டேட்டன் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில், தாமஸ் மிட்ஜ்லி என்பவர் நாக்குக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். என்னென்னவோ கலந்து பார்த்தார். 1921 டிசம்பரில் ஈயம் கலந்த ஒரு திரவத்தைச் சில துளிகள் விட்டுப் பார்த்தார். எஞ்சின் வாயை மூடிக்கொண்டது. சாராயம் கலந்தாலும் சப்தம் அடங்கும் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்ததுதான். ஆனால் சாராயம் ஊரறிந்த பொருள், அதற்கு உரிமை கொண்டாட முடியாது. ஈய மருந்தோ சில துளிகளே போதும், ஏகபோகமாக விற்கவும் விற்கலாம். 1923-ல் டேட்டனில் விற்பனை ஆரம்பமாயிற்று. பெயரில் ஈயத்தின் வாசனையே இல்லை. 'எத்தில்' என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டார்கள்.

1924 அக்டோபரில் நியூஜெர்ஸியின் பேவே எண்ணெய் ஆலையில் இந்த மருந்தைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐந்து பேர் புத்தி பேதலித்து மாண்டார்கள். அவர்கள் வேலை செய்த கட்டடத்தைச் சக தொழிலாளர்கள் ஏற்கெனவே பைத்தியக் கட்டடம் என்றுதான் அழைத்து வந்தார்களாம். மிட்ஜ்லி பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, அவர்கள் எதிரிலேயே அந்தத் திரவத்தில் கையைக் கழுவி, மோந்தும் காட்டினார். முந்தைய வருஷம் அவரே ஈய விஷத்துக்குச் சிகிச்சை பெற்றவர் என்பதை அங்கே சொல்லவில்லை.

1925 மே மாதம் வாஷிங்டனில் இதைப் பற்றி ஒரு மகாநாடு கூடியது. கம்பெனிக்காரர்கள் 'தெய்வப் பிரசாதம்' என்கிற அளவுக்கு மருந்தைப் புகழ்ந்தார்கள். எழுந்து எதிர்த்தவர்களில் டாக்டர் அலிஸ் ஹாமில்டன் ஒருவர். ஹார்வர்ட் சர்வகலாசாலையில் ஆசிரியராக நியமனம் பெற்ற முதல் ஸ்திரீ அவர். 1919-ல் அந்த உத்தியோகத்தைக் கொடுத்தபோது, ஆசிரியர் கிளப்புக்கு வரக் கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக் கூடாது, கால்பந்துப் பந்தயத்துக்கு டிக்கெட் கேட்கக் கூடாது என்று நிபந்தனைகளும் கொடுத்தார்களாம்! தொழிற்சாலைகளில் ஈயம் என்ன செய்யும் என்பதை அவரைப் போல் அறிந்தவர்கள் அமெரிக்காவிலேயே சொற்பம். ஈயம் வேண்டாம், வேறு வழி தேடுங்கள் என்றார். சபை கேட்டுக்கொண்டது. 1926-ல் ஈயப் பெட்ரோல் மறுபடியும் கடைக்கு வந்துவிட்டது.

அந்த அம்மாள் 1970-ல் 101-ஆம் வயதில் காலமானார். அதற்குப் பின்தான் குழந்தைகளின் மூளையை ஈயப் புகை எப்படி மந்தப்படுத்துகிறது என்று ஒவ்வொரு சர்க்காராக ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் 1996-ல் தடை முழுமையாயிற்று. நம் நாட்டில் 2000-ல் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது. கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. ஈய மருந்து அவ்வளவு காலம் தள்ளிவைத்த சாராயத்தை இன்று நாமே பெட்ரோலில் கலந்து போட்டுக்கொள்கிறோம் என்பதையும் பாருங்கள்.

ஈயமும் இல்லை, கஷாயமும் இல்லை என்றால் டர்போ எப்படிப் பிழைத்தது? கம்பெனிகள் எஞ்சினுக்குக் காது வைத்துவிட்டன. ஸ்வீடன் தேசத்து ஸாப் கம்பெனி 1980-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஏற்பாடு இதில் பெயர் போனது. எஞ்சினில் திருகிய சின்ன உணர்கருவி நாக்கின் அதிர்ச்சியைக் கேட்கும். உடனே டர்போவின் அழுத்தத்தைக் குறைக்கும். இந்த மாதிரிக் காதுகள் இன்றைய கார்களில் சர்வ சாதாரணம். பொறி விழும் நேரத்தையும் அவை தள்ளிப் போடுகின்றன. அப்படியும் மலையில் நாலாவது கியரில் வதைத்தால் கணநேரம் கேட்கத்தான் கேட்கும்.

எந்தப் பெட்ரோல் போடுவது? பெட்ரோல் தொட்டி மூடியின் உட்புறத்தையோ, காரோடு வந்த புத்தகத்தையோ பாருங்கள். 91 என்றோ 95 என்றோ எண் இருக்கும். பங்க்கில் போடும் பெட்ரோல் அதற்குக் குறையக் கூடாது. 91 கேட்கும் வண்டிக்கு அதைவிட உயர்ந்த எண்ணை ஊற்றினால் பெரும்பாலும் பர்ஸ்தான் இளைக்கும். உயர்ந்த எண்ணைக் கேட்கும் டர்போவுக்குக் குறைந்ததைக் கொடுத்தால், காது வேலை செய்து வண்டியைக் காப்பாற்றும். இழுவை குறையும், பெட்ரோலும் கூடச் செலவாகும். சரியான பெட்ரோல் போட்டு, சரியான கியரில் ஓட்டியும் சப்தம் நிற்கவில்லையென்றால் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விடுங்கள்.

அக்கா மூடியைத் திறந்து பார்த்தாள். அவள் வழக்கமாகப் போடும் பெட்ரோலே போதுமானது.

"நானும் அதைத்தானே சொன்னேன்!" என்றார் அத்திம்பேர்.