பழுதுற்ற குலவயிரம்: கட்டுவதோ, தீட்டுவதோ?

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையிலே, மதுரை நகரைச் சுற்றிவரும் கோவலன் மணிவணிகர் வீதியையும் காண்கின்றான். ஆங்கு வயிரத்திற்கு ஆகாத குற்றங்களாக ஏகை, விந்து, களங்கம், காகபாதம் என்னும் நான்கும் குறிக்கப்பெறுகின்றன. வகுப்பில் இப்பகுதியைக் கற்றபோது, தேர்வுக்கு வேண்டிய பெயர்கள் என்ற அளவில் இவற்றை மனப்பாடம் செய்தோமேயன்றி, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கல்லிற் குற்றம் தேட நேருமென்று யாம் எண்ணினோமில்லை. சென்ற கோடை விடுமுறையில் அது நேர்ந்தது. யாம் தேடிய குற்றமோ அந்நான்கனுள் அடங்காதது. அவை கல்லோடு உடன் பிறந்தவை; இஃது அடிபட்டு வந்தது.

எம் பாட்டியாரின் வயிர மோதிரம் இராசபாளையத்தில் எம் அத்தையாரிடம் இருந்துவருகின்றது. ஒருநாள் இரும்புப் பீரோவின் கதவைச் சாத்துகையில் மோதிரம் அதன் விளிம்பில் மோதிற்று. அன்று ஒன்றும் புலப்படவில்லை. சில நாட்கழித்துச் சேலை நூல் மோதிரத்திற் சிக்கத் தொடங்கவே, கல்லின் ஓரத்திற் சிறு சில்லுப் பெயர்ந்திருப்பது தெரியவந்தது. அத்தையார் மகளுக்குத் தை மாதத்தில் மணம் நடத்த நிச்சயித்திருந்தனர். கல்லைப் புதிதாகப் பட்டை தீட்டி மணமகள் விரலுக்கு இடவேண்டுமென்பது அத்தையார் கருத்து. திருவில்லிபுத்தூரிலிருக்கும் எம் தந்தையாரோ, தம் அன்னையார் விரலிற் கண்ட கல்லில் ஒரு பொடியும் குறைத்தல் ஆகாது என்றார். இரண்டு ஊர்களுக்கும் இடையே நாள் முழுதும் பேருந்து ஓடுகின்றது. எனினும் அம்மாதம் முழுதும் ஒரு வீட்டார் மற்றவர் வீட்டுப் படியேறவில்லை.

வயிரம் உடையுமோ என்று எம்மை வினவிய நண்பர் பலர். வயிரத்தின் வன்மை என்று நாம் சொல்வது கீறலைத் தாங்கும் வன்மையே. மோசு என்னும் ஜெர்மானிய அறிஞர் வகுத்த அளவுகோலில் அதற்கு உச்ச எண்ணாகிய 10 தரப்பட்டுள்ளது. வயிரத்தை வயிரப்பொடி கொண்டே தேய்க்கவேண்டும். ஆனால் அடியைத் தாங்குதல் வேறொரு குணம். விறகு தன் நாரின் போக்கில் எளிதிற் பிளக்கின்றதன்றோ? அங்ஙனமே வயிரமும் நான்கு திசைத் தளங்களின் வழியே பிளக்கும் இயல்புடையது. அத்தளத்திற்கு இசைந்த கோணத்தில் ஓர் அடி விழுமாயின், சிறு அடியும் போதும். கல்லின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் கூடுகின்ற இடைவிளிம்பு மெலிந்திருப்பதால், பெரும்பாலும் அவ்விடத்திலேயே சில்லுப் பெயர்கின்றது.

தந்தையாருடன் யாம் திருவில்லிபுத்தூரில் முதியவர் ஒருவரான பொற்கொல்லரிடம் சென்றோம். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியை இமையிடுக்கில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பின்னர் அவர் கேட்டது எமக்கு வியப்பாயிருந்தது. "ஐயா, பழுது பொன்னிலா, கல்லிலா?" என்றார். யாம் கல்லையே எண்ணிக்கொண்டிருந்தோம். அவரோ கல்லைப் பற்றியிருந்த நான்கு பொற்பற்களுள் இரண்டு தாள்போலத் தேய்ந்து போனமையைக் காட்டினார். சில்லுப் பெயர்ந்ததைவிட அதுவே பெரிய ஆபத்தாம். பல் ஒன்று மடங்கினால், கல் எங்கே விழுந்ததென்று தெரியாமற் போய்விடும்.

பொன்னின் பழுதைத் தீர்த்தல் எளிது. தேய்ந்த பல்லின்மேற் புதுப்பொன் வைத்து ஊதிச் சேர்க்கலாம். ஆயினும் கல் இருக்கும்போதே தீ ஊதுவதாயின் எச்சரிக்கை வேண்டும். வயிரமும் கரியே ஆதலின், காற்றுப்பட மிகுந்த வெப்பத்திற்கு உள்ளானால் அதன் முகம் வெந்து பால்படிந்தாற்போலாகும். அதனால், போரிக அமிலத்தைச் சாராயத்திற் கரைத்து அதிலே கல்லைத் தோய்த்துக் காப்பிடுவர். கல்லைக் கழற்றிவிட்டு வேலை செய்தலே மேல் என்றார் அம்முதியவர்.

இனிக் கல். பெயர்ந்த இடத்திலிருந்து விரிசல் உள்ளே ஓடுகின்றதா என்பதே இங்குத் தலையாய வினா. சங்கின் உட்புறம்போல வழவழப்பாய்ச் சில்லுப் பெயர்ந்து, அத்துடன் நின்றிருந்தால் அச்சமில்லை. அங்கிருந்து இறகுபோன்ற வெண்கோடு கல்லின் நடுவை நோக்கிச் செல்லுமாயின், அடுத்த அடியில் அது பிளந்து போகவும் கூடும். அப்போது தீட்டிக் குறைத்தலைத் தவிர வழியில்லாமலும் போகலாம். எம் கல்லில் அத்தகைய கோடு இல்லை. அது தெரிந்ததும் தந்தையார் முகம் தெளிந்தது. எமக்கும் ஓர் உண்மை விளங்கிற்று: கோடு இருந்திருக்குமாயின், யாமே அத்தையார் பக்கம் நின்று வாதாடியிருப்போம்.

விரிசல் இல்லாத சில்லுக்குப் பல வழிகள் உண்டு. கல்லைச் சற்றே திருப்பி, பழுதுற்ற இடம் ஒரு பல்லின் கீழ் அமையுமாறு கட்டலாம். பற்களை நீக்கிச் சுற்றிலும் பொன்விளிம்பு எழுப்பி அதற்குள் கல்லைப் பதிக்கலாம்; இது பழுதையும் மறைக்கும், இனி வரும் அடியையும் தாங்கும். இடைவிளிம்பை மட்டும் சிறிது தீட்டுதல் மூன்றாவது. அதில் எடை மிகக் குறைவாகவே போகும். கல் முழுவதையும் புதுவடிவாகத் தீட்டுதல் கடைசி வழி. அத்தையார் விரும்பியது அக்கடைசி வழியையே.

எம் கல் பழைய தீட்டு உடையது. மூலைகள் மழுங்கிய சதுரம், உயர்ந்த முடி, சிறிய மேற்பலகை, அடிநுனி கூராயிராமல் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருப்பதால், மேலிருந்து பார்த்தால் நடுவிற் சிறு துளைபோலத் தோன்றும். இன்று கடைகளிற் காணும் வட்டக்கல்லோ 57 அல்லது 58 பட்டைகள் உடையது. 1919-இல் டோல்கோவ்ஸ்கி என்பார் ஒளி புகுந்து திரும்பும் கோணங்களைக் கணக்கிட்டு எழுதிய நூல் இவ்வடிவிற்குப் பேராதரவாயிற்று. மின்விளக்கின் கீழே புதுக்கல் பொடிப்பொடியாய் மின்னும். பழங்கல்லின் பட்டைகள் பெரியன. அது குத்துவிளக்கின் முன்னே அகன்ற சுடராய் விட்டுவிட்டு ஒளிரும். மின்சாரம் நின்ற ஓர் இரவில் மெழுகுவர்த்தியருகே அம்மோதிரத்தை வைத்துப் பார்த்தோம். அத்தையாரும் அதை அன்று கண்டிருந்தால், இவ்வழக்கு இத்தனை நாள் நீண்டிராது என்பது எம் எண்ணம்.

கல்லின் எடை 1.12 காரட். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். சூரத்திலே பட்டை தீட்டுவோரிடம் கேட்டதில், வட்டக்கல்லாக்கினால் ஒரு காரட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும் என்றனர். ஒரு காரட் என்னும் வரம்பில் விலை படியேறுவது வணிக வழக்கம். ஆகவே தீட்டுகூலியும் கொடுத்து, மதிப்பையும் குறைத்துக்கொண்டவராவோம்.

இவ்வினா அரசர் கருவூலங்களிலும் எழுந்ததுண்டு. 17-ஆம் நூற்றாண்டிற் கோல்கொண்டா நாட்டுச் சுரங்கங்களைக் கண்ட தவர்னியே என்னும் பிரெஞ்சு வணிகர், நம் நாட்டார் குற்றமற்ற கல்லாயின் எடை குறையுமென்றஞ்சி மேலே மட்டும் தேய்ப்பர் என்றும், குற்றமுடையதாயின் அதனை மறைக்கச் சிறு பட்டைகள் பல இடுவர் என்றும் எழுதியுள்ளார். பெரியதொரு மொகலாய வயிரத்தைத் தேய்த்துக் கெடுத்த வெனிசு நகரத்தானுக்குக் கூலிக்கு மாறாகப் பதினாயிரம் ரூபாய் தண்டம் விதிக்கப்பட்ட கதையும் அவர் கூறுவதே.

கோகினூர் 1849-இல் லாகூரிலிருந்து ஆங்கிலேயர் கைப்பட்டது. 1851-இல் இலண்டன் பெருங்கண்காட்சியில் அதனைக் கண்டோர் ஒளி போதாதென்று முகஞ்சுளித்தனர். விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட்டின் ஏற்பாட்டால், 1852-இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்துத் தொழிலாளர் நீராவிப்பொறி கொண்டு அதனைத் தீட்டினர். வேலை 38 நாள் நடந்தது. 191 காரட்டாயிருந்த கல் 105.6 ஆயிற்று. ஒளி கூடியது, ஆயினும் மொகலாயரும் இரஞ்சித் சிங்கும் கண்ட வடிவத்தை இனி எவரும் காண்பதற்கில்லை. அண்மையிலும் ஒன்று நிகழ்ந்தது. விட்டல்ஸ்பாக் என்னும் நீலவயிரத்தை 2008-இல் ஏலத்தில் எடுத்த கிராஃப் என்னும் வணிகர், விளிம்புச் சில்லுகளை நீக்கத் தீட்டுவித்து, 35.56 காரட்டை 31.06 ஆக்கினார். நிறமும் தெளிவும் உயர்ந்தன. பழம்பொருட் காட்சிசாலையார் சிலர் வரலாறே அழிந்ததென்று வருந்தினர். இரு திறத்தார் கூற்றிலும் உண்மையுண்டு. ஆனால் வணிகர் மனம் மாறினாலும் போன நான்கரைக் காரட் திரும்பாது. பொன்விளிம்போ நாளையே கழற்றத்தக்கது.

கண்ணகியின் வழக்கை இங்கு நினைந்தோம். பாண்டியன் அவையில் அவளுக்குச் சான்றாய் நின்றது சிலம்பின் புறவடிவமன்று; உள்ளிருந்த பரல். எம் மோதிரத்தின் பொன் இதற்கு முன்னரே ஒருமுறை மாற்றிக் கட்டப்பட்டதாம். பாட்டியார் விரலிலிருந்து மாறாது வந்தது கல் ஒன்றே. இதனைத் தந்தையார் சொல்லக் கேட்டு, இராசபாளையத்திற்குச் சென்று அத்தையாரிடம் உரைத்தவர் யாமே. அவர் சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின், "அப்படியானால் பொன்னாவது புதிதாயிருக்கட்டும்" என்றார்.

கல்லை எடைபோட்டு, நாற்புறமும் படமெடுத்து, சில்லுள்ள இடத்தைத் தாளில் வரைந்து பொற்கொல்லரிடம் கையெழுத்தும் பெற்ற பின்னரே அதனைக் கொடுத்தோம். அவர் சில்லுள்ள ஓரத்தைச் சற்றே உயர்ந்த பொன்விளிம்பினுள் மறைத்துப் பதித்தார். தையில் நிகழ்ந்த மணத்தில் மணமகள் அதனையே அணிந்தாள். அத்தையார் இன்றும் கடைக்கல்லைப்போல் மின்னவில்லை என்றே சொல்லிவருகின்றார். சேலை நூல் மட்டும் இப்போது சிக்குவதில்லை.