புது உத்தியோகமும் வீட்டுக் கடனும்

சென்ற ஆண்டு ஆனி மாதம் என் அண்ணனுக்குக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலை ஒன்றில் உத்தியோகம் கிடைத்தது. மூணாறு எஸ்டேட்டில் கொழுந்தெடுத்து வந்த எங்கள் அம்மாவுக்கு அவ்வாண்டு மார்கழியில் ஓய்வு. ஓய்வு என்றால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு முதலாளி வீடு தரவேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது உண்மையே. ஆனால் அந்த வீடு வேலைக்கு உரியது, ஆளுக்கு உரியதன்று.

ஆகவே, அண்ணனின் இரண்டாவது மாதச் சம்பளம் வந்ததுமே கொழிஞ்சாம்பாறையில் 20 லட்ச ரூபாய்க்கு ஒரு சிறு வீட்டைப் பேசினோம். அம்மாவின் சீட்டுப் பணம் 1 லட்சத்தை அச்சாரமாகக் கொடுத்து, மூன்று மாதத்தில் கிரயம் முடிப்பதாகக் கரார் எழுதினோம். பாங்குக்குப் போனது அதற்குப் பிறகுதான். நண்பர்கள் தயவுசெய்து இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மூணாற்றுப் பக்கமே வாங்கலாகாதா என்று கேட்பீர்கள். கண்ணன் தேவன் மலைகளின் நிலம் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசைச் சேர்ந்தது. தேயிலைத் தோட்டங்கள் மட்டும் கம்பெனி வசம் விடப்பட்டன. எஞ்சிய இடங்களில் பட்டயம் உள்ளது எது, இல்லாதது எது என்பதே பெரிய வழக்கு. பட்டயமில்லாத மண்ணைப் பாங்கு ஈடாக ஏற்பதில்லை.

நாங்கள் முதலில் போன பாங்கில், “புரொபேஷன் முடிந்த பிறகு வாருங்கள்” என்று ஒரே வாக்கியத்தில் அனுப்பிவிட்டார்கள். அண்ணனுக்குக் கோபம் வந்தது. பௌதிகம் படிக்கிற எனக்கோ அவர்கள் பக்கத்து நியாயமும் சற்றுப் புலப்பட்டது. கேட்பது 240 மாதக் கடன். காட்டுவது இரண்டு சம்பளச் சீட்டு. இரண்டு புள்ளிகளை வைத்துக்கொண்டு அவ்வளவு நீளக் கோடு இழுத்தால் எங்கள் பேராசிரியரும் ஒப்பமாட்டார்.

கணக்கைப் பாருங்கள். நூற்றுக்கு எட்டரை வட்டியில் 20 ஆண்டுக்கு 1 லட்சம் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 868 ரூபாய். முதல் தவணையில் 708 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 160 மட்டுமே. அசலில் பாதி தீர ஏறக்குறைய 166 மாதம் ஆகும்! ஆகவே கடன் கொடுத்தவர் நெடுங்காலம் நம் உத்தியோகத்தை நம்பியே இருக்க வேண்டியிருக்கிறது. வட்டி மாறும் வகைக் கடனென்றால் இந்தத் தவணையும் காலமும்கூட நிலையானவை அல்ல.

கைப்பணம் எவ்வளவு வேண்டும் என்பதிலும் நாங்கள் ஏமாந்தோம். 30 லட்சம் வரையுள்ள கடனுக்கு, வீட்டு மதிப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை கொடுக்கலாம் என்று ரிசர்வ் பாங்கு அனுமதிக்கிறது. அது உச்சவரம்பே, அவ்வளவும் தந்தாக வேண்டும் என்பதில்லை. அதற்குமேல் கேரளத்தில் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 8, பதிவுக் கட்டணம் 2. எங்கள் 20 லட்ச வீட்டுக்கு இதுவே 2 லட்சம். இது பாங்கு தரும் தொகையில் சேராது. 16 லட்சம் கடன் கிடைத்தாலும் கையிலிருந்து 6 லட்சம் வேண்டும். அச்சாரம் போக மீதிக்கு அம்மாவின் பிராவிடண்டு நிதியையும் கிராஜுவிட்டியையும் நம்பினோம்.

இரண்டாவது பாங்கின் மானேஜர் பொறுமையாகப் பேசினார். 16 லட்சத்துக்குத் தவணை ஏறத்தாழ 13,900 ரூபாய். அண்ணனின் 22,000 ரூபாய்ச் சம்பளம் இதைத் தாங்காது. “வேலை நிரந்தரமான கடிதம் வரட்டும், நிலையான வருமானமுள்ள இன்னொருவரையும் சேர்த்து மனுச் செய்யுங்கள்” என்றார். எங்கள் அக்காள் பாலக்காட்டில் நாலு வருஷமாக நர்ஸாக இருக்கிறாள், சம்பளம் 20,000. அண்ணனிடம் இல்லாத வருஷங்கள் அவளிடம் இருந்தன.

இந்த இடத்தில் நாம் நின்று யோசிக்க வேண்டும். கூட்டாகக் கையெழுத்திட்டவர் வெறும் சாட்சி அல்லர். அண்ணன் தவணை கட்டாவிட்டால் முழுக் கடனுக்கும் அக்காள் பொறுப்பு. நாளை அவள் தனக்கென்று கடன் கேட்டாலும் இந்தத் தவணை அவள் கணக்கில் நிற்கும். ஆனால் கடனில் பங்கு கொண்டதனால் மட்டும் வீட்டில் பங்கு வந்துவிடாது; அதற்குக் கிரயப் பத்திரத்தில் பெயர் வேண்டும். “அவள் பேரும் எழுதினால்தான் அவள் கையெழுத்துப் போடுவாள்” என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணன் ஒரு நாள் முழுதும் பேசாதிருந்து பிறகு சம்மதித்தான்.

அப்புறம் தஸ்தாவேஜுகள். இங்கே கிரயப் பத்திரத்துக்கு ‘ஆதாரம்’ என்றும், வில்லங்கச் சான்றுக்குக் ‘குடிக்கடம்’ என்றும் பெயர். பழைய பத்திரங்கள் ‘முன்னாதாரம்’. “ஆதாரம் எங்கே?” என்று வக்கீல் கேட்டபோது அம்மா தம் ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார். நிலம் என்று ஒன்று நம் குடும்பத்தில் இருந்தாலல்லவா அந்தச் சொல் காதில் விழுந்திருக்கும்! வக்கீல் முன்னாதாரங்களையும், விற்பவர் பெயரில் கரம் கட்டிய ரசீதையும் சரிபார்த்தார்.

வீட்டுக்கார அம்மாள் நல்லவர். கரார் தவணையை மாசி வரை நீட்டிக் கொடுத்தார். மறுத்திருந்தால் அந்த 1 லட்சம் போயிருக்கும். தை மாதம் அண்ணனுக்கு வேலை நிரந்தரமான கடிதம் வந்தது. மாசியில் கடன் கிடைத்துக் கிரயமும் முடிந்தது. பத்திரம் பாங்கில் இருக்கிறது. அப்படி ஒப்படைப்பதுதான் அடமானம். சாவியை அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார்.