விளம்பரமும் கணக்கும்
"நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்குப் பணம் கொடுத்திருக்கிறார்களாம்! மாமியாருக்கு இந்தப் பாலிசியையே எடுத்துவிடட்டுமா?" என்று விளம்பரத்தை நீட்டினாள் அடுத்த வீட்டு அம்மாள்.

கணக்கைப் பார்க்காமலா? மருத்துவக் காப்பீடு தரும் தனியார் கம்பெனிகள், ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆணையத்தின் விதிப்படி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை தங்கள் இணையதளத்தில் கணக்கை வெளியிட வேண்டும். 'பப்ளிக் டிஸ்க்ளோஷர்' பகுதியில் என்.எல்.37 என்ற படிவத்தைத் தேடுங்கள். எத்தனை கிளெய்ம் வந்தன, எத்தனை தீர்ந்தன, எத்தனை மறுக்கப்பட்டன, எத்தனை பாக்கி என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஒன்று கவனியுங்கள்: லட்ச ரூபாய் கேட்டவருக்கு அறுபதாயிரம் கொடுத்தாலும் அது 'தீர்ந்த' கிளெய்ம்தான்! ஆகவே, ஆணையத்தின் ஆண்டறிக்கையையும் புரட்டுங்கள். பிரீமியத்தில் நூற்றுக்கு எவ்வளவு கிளெய்முக்குப் போயிற்று என்று கம்பெனிவாரியாகத் தெரியும்.

அம்மாள் விளம்பரத்தை மடித்தாள். "முதலில் அதைப் பார்க்கிறேன், பாலிசி அப்புறம்" என்றாள்.